எவாக்குவேஷன் சிமுலேஷன் புதுசா பண்றவங்களுக்கு: பிளான் வாங்குறதுலேர்ந்து ரிப்போர்ட் குடுக்குற வரைக்கும்

ஒரு கட்டடத்துல தீ பிடிச்சா உள்ள இருக்கிற எல்லாரும் வெளிய வர எவ்ளோ நேரம் ஆகும், எந்தக் கதவுல முட்டி மோதி நிப்பாங்க, எந்தப் படிக்கட்டு யாருமே போகாம காலியா கிடக்கும், இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல முன்கூட்டியே ஓட்டிப் பாக்குறதுதான் எவாக்குவேஷன் சிமுலேஷன். ப்ராஜெக்ட்டுக்கோ, ஃபயர் சேஃப்டி வேலைக்கோ, ஆராய்ச்சிக்கோ இதுக்குள்ள வர்றவங்க எடுத்த எடுப்புலயே கேக்குற கேள்வி "எந்த சாஃப்ட்வேர் நல்லது?"ங்கறதுதான். நானும் இதைத்தான் முதல்ல தேடித் தேடிப் பாத்தேன், கிடைச்சதெல்லாம் அங்கொண்ணு இங்கொண்ணா இருந்துச்சு, எதை முதல்ல செய்யணும் எதை அப்புறம் செய்யணும்னு ஒரே இடத்துல யாரும் சொல்லல. அதான் வரிசைப்படுத்தி எழுதுறேன். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடுறேன்: சாஃப்ட்வேர் கத்துக்க ஆகுற நேரம் கொஞ்சம்தான். பிளானைச் சுத்தம் பண்றது, ஆள் கணக்கு சேக்குறது, வந்த ரிசல்ட்டை நம்பலாமான்னு டெஸ்ட் பண்றது, வேலை முழுக்க இங்கதான் இருக்கு.

1. முதல்ல கேள்வியை ஒரே வரியில எழுதுங்க

"இந்தக் கட்டடத்தோட எவாக்குவேஷனை சிமுலேட் பண்றேன்"னு சொன்னா அது கேள்வி இல்ல. "கிழக்குப் படிக்கட்டு புகையால அடைபட்டா மூணாவது மாடியில இருக்கிறவங்க வெளிய வர எவ்ளோ நேரம் கூடும்", "இந்தக் கதவை 30 சென்டிமீட்டர் அகலப்படுத்துனா ஏதாவது பலன் இருக்கா", இந்த மாதிரி இருக்கணும். கேள்வி தெளிவா இருந்தாத்தான் எந்த டேட்டா வேணும், எது வேணாம்னு தெரியும், இல்லாட்டி கட்டடத்துல இருக்கிற நாற்காலி வரைக்கும் வரைஞ்சிட்டு உக்காந்திருப்பீங்க.

இந்தத் துறையில ரெண்டு நேரத்தைப் பத்தி ஓயாம பேசுவாங்க. எல்லாரும் பத்திரமா வெளிய வரத் தேவைப்படுற நேரம் ஒண்ணு, அதை ஆர்செட்னு சொல்வாங்க. புகையும் சூடும் தாங்க முடியாத அளவுக்குப் போறதுக்கு முன்னாடி கையில இருக்கிற நேரம் இன்னொண்ணு, அது ஆசெட். ஆர்செட் ஆசெட்டை விடக் குறைவா இருக்கணும், நடுவுல நல்ல இடைவெளியும் இருக்கணும். ஆள் நகர்ற சிமுலேஷன் உங்களுக்கு ஆர்செட்டைத்தான் தரும். ஆசெட்டுக்கு தீ, புகை சிமுலேஷன் தனியா வேணும், அமெரிக்க அரசோட தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் நிஸ்ட் வெளியிடுற எஃப்டிஎஸ்ங்கற சாஃப்ட்வேர் அதுக்கு இலவசமா கிடைக்குது, ஆனா அது தனி வேலை, முதல் ப்ராஜெக்ட்லயே ரெண்டையும் சேத்துத் தூக்காதீங்க.

2. டாக்குமெண்ட் சேக்குறது

சாஃப்ட்வேரை டவுன்லோட் பண்றதுக்கு முன்னாடி இதை ஆரம்பிச்சிடுங்க, ஏன்னா இதுலதான் அடுத்தவங்க பதிலுக்காகக் காத்திருக்கணும், வாரக்கணக்குல இழுக்கும். வேண்டியது இவ்ளோதான்:

- ஒவ்வொரு தளத்தோட பிளான், முடிஞ்சா டிஎக்ஸ்எஃப் ஃபைலா (கேட் சாஃப்ட்வேர்ல திறக்குற டிராயிங் ஃபைல்). பிடிஎஃப் மட்டும் கிடைச்சாலும் பண்ணலாம், ஆனா ஸ்கேல் சரிபாக்க ஒரு நீளமாவது நேர்ல அளந்திருக்கணும்.
- கதவுகளோட நிஜ அகலம். ஃப்ரேம் அகலம் வேணாம், கதவைத் திறந்தப்புறம் ஆள் போகக் கிடைக்கிற இடைவெளிதான் வேணும்.
- படிக்கட்டோட அகலம், படியோட உயரம், கால் வைக்கிற ஆழம், கைப்பிடி எந்தப் பக்கம்.
- எந்த நேரத்துல எந்த அறையில எத்தனை பேர் இருப்பாங்கன்னு ஒரு கணக்கு.
- அலாரம் எப்படி அடிக்கும், வெறும் மணியா, குரல் அறிவிப்பா, சொல்லி அனுப்ப ஆள் இருக்காங்களா.
- முன்னாடி நடந்த ஃபயர் ட்ரில்லோட பதிவு, இருந்தா.

பிளான் கேக்கும்போது எழுத்துல அனுமதி வாங்கிக்கோங்க. பல இடங்கள்ல பிளானைப் பாதுகாப்பு விஷயமாப் பாப்பாங்க, ரிப்போர்ட்ல படம் போடலாமா கூடாதான்னு முன்னாடியே கேட்டுக்கிட்டா கடைசி நேரத்துல எல்லாப் படத்தையும் எடுத்துட்டு நிக்க வேண்டி வராது. ட்ரில்லை வீடியோ எடுக்கப் போறீங்கன்னா ஆட்கள் முகம் தெரியும், அதனால அதுக்கு தனி அனுமதி, படிப்பு நிறுவனத்துல இருந்தா எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல், இதுக்கும் நாள் ஒதுக்கணும்.

பிளான் மேல இருக்கிறதும் நிஜத்துல இருக்கிறதும் ஒண்ணுன்னு நம்பிடாதீங்க. ஒரு தடவை நடந்து போய்ப் பாருங்க. பூட்டியே கிடக்குற எமர்ஜென்சி கதவு, படிக்கட்டுக்கு அடியில அடுக்கி வச்ச அட்டைப்பெட்டி, நடைபாதையில நிக்கிற பீரோ, இதெல்லாம் எந்த டிராயிங்லயும் இருக்காது, ஆனா உயிர் போறதும் பிழைக்கிறதும் பெரும்பாலும் இதை வச்சுத்தான்.

3. டூல் தேர்ந்தெடுக்கறது, செலவு

பைத்தான் கொஞ்சம் தெரிஞ்சா ஜுபெட்சிம் எடுங்க. ஜெர்மனியோட யூலிஷ் ஆராய்ச்சி மையத்துல உருவாக்குறது, ஓப்பன் சோர்ஸ், பிப் மூலமா ஒரே வரியில இன்ஸ்டால் ஆயிடும். ரிசல்ட்டை அலச அதே குழு பெட்பைனு ஒரு லைப்ரரி வச்சிருக்காங்க, நெரிசல் அடர்த்தி, வேகம், கதவுல போற ஆள் எண்ணிக்கை எல்லாம் அதுல எடுக்கலாம். கோடிங்கே வேணாம்னா வேடர் இருக்கு, மியூனிக்ல இருக்கிற அப்ளைடு சயின்ஸ் பல்கலைக்கழகத்துல பண்ணது, ஜாவா வேணும், மவுஸாலயே சுவர், கதவு, ஆள் வர்ற இடம், போற இடம் எல்லாம் வரையலாம். மாடல் உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்க மட்டும்னா நெட்லோகோங்கற எளிய சிமுலேஷன் டூல்ல ஒரு சின்ன மாடல் எழுதிப் பாருங்க, நல்லா மண்டையில ஏறும்.

ஒரு ஊரையே வெளியேத்துற கேள்வின்னா, அதாவது சுனாமி, வெள்ளம், புயல், அப்போ மேல சொன்னது எதுவும் ஒத்துவராது. அங்க ரோடு நெட்வொர்க் வேணும். மேட்சிம், சூமோங்கற போக்குவரத்து சிமுலேஷன் டூல் ரெண்டும் இலவசம், ரோடு டேட்டாவை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்லேர்ந்து எடுத்துக்கலாம். இந்தோனேஷியாவோட படாங் நகரத்துக்கு சுனாமி எவாக்குவேஷனை மேட்சிம்லதான் பண்ணாங்க, அந்தக் கட்டுரைகளைத் தேடிப் படிச்சா எப்படி ஆரம்பிக்கணும்னு பிடிபடும்.

காசு குடுத்து வாங்குறதுல பாத்ஃபைண்டர், மாஸ்மோஷன், பில்டிங்எக்ஸோடஸ் மாதிரி இருக்கு. கன்சல்டன்சி வேலைக்கு இதுல ஏதாவது ஒண்ணைத்தான் கேப்பாங்க. மாணவர்னா வாங்குறதுக்கு முன்னாடி அகடமிக் லைசென்ஸ் இருக்கான்னு கேட்டு மெயில் போடுங்க. லைசென்ஸ் எப்போ முடியுதுன்னு பாத்துக்கோங்க, ரிப்போர்ட் திருத்தச் சொல்லித் திரும்பி வர்ற நேரத்துல லைசென்ஸ் காலாவதி ஆயிருந்தா மறுபடி ஓட்ட முடியாது. ட்ரையல் வெர்ஷனை இன்ஸ்டால் பண்ணி வச்சிட்டு அப்புறமா பிளானுக்குக் காத்திருக்காதீங்க, பிளான் கைக்கு வந்தப்புறம் இன்ஸ்டால் பண்ணுங்க.

கம்ப்யூட்டருக்குன்னு தனியா செலவு வேணாம். சில நூறு பேர், ஒரு கட்டடம்னா சாதாரண லேப்டாப்பே போதும்.

டுட்டோரியல் விஷயத்துல ரெண்டு பொறி இருக்கு. ஒண்ணு, ஜுபெட்சிம்மோட பழைய வெர்ஷன் எக்ஸ்எம்எல் ஃபைல் எழுதி ஓட்டுறது, புதுசு முழுக்க பைத்தான், அதனால எக்ஸ்எம்எல் காட்டுற டுட்டோரியல் எதைப் பாத்தாலும் மூடிட்டு வந்துடுங்க. ரெண்டு, எஃப்டிஎஸ்ஸோட சேந்து வந்த எவாக்ங்கற பகுதியைப் பத்தி நிறைய எழுதி வச்சிருப்பாங்க, ஆட்கள் வெளியேறுறதைக் கணக்கு போடுற பகுதி அது, புது எஃப்டிஎஸ் வெர்ஷன்கள்ல அதை எடுத்துட்டாங்க, தேடித் தேடி ஓய்ஞ்சு போவீங்க.

4. பிளானைச் சுத்தம் பண்றது

நெனச்சதை விட ரெண்டு மூணு மடங்கு நேரம் இதுக்குத்தான் போகும். ஆர்க்கிடெக்ட் குடுக்குற டிராயிங்ல டைல்ஸ் கோடு, பைப், டைமென்ஷன் எழுத்து, கதவு திறக்குற வளைவு எல்லாம் இருக்கும், சாஃப்ட்வேர் அந்தக் கதவு வளைவைக்கூட ஒரு சுவர்னு நெனச்சு அடைச்சிடும். லேயர் லேயரா அணைச்சு, சுவர், தூண், நகராத சாமான் மட்டும் மிச்சம் வைங்க.

அப்புறம் யூனிட். டிராயிங் மில்லிமீட்டர்ல இருக்கும், சிமுலேஷன் மீட்டர்ல கேக்கும். மாத்தாம ஏத்துனா 10 மீட்டர் அறை 10,000 மீட்டர் ஆயிடும், ஆட்கள் புள்ளியாக்கூடத் தெரிய மாட்டாங்க.

சுவர்கள் சேர்ற மூலையில ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாக்கூட பாலிகன், அதாவது கோடுகளால மூடுன வடிவம், மூடாது. ஜுபெட்சிம்ல நடக்குற பரப்பு முழுக்க ஒரே துண்டா இருக்கணும், ரெண்டு துண்டா இருந்தா எரர் குடுக்கும், பெரும்பாலும் காரணம் ஏதோ ஒரு கதவு இருக்கிற இடத்துல சுவர்க்கோடு தொடர்ந்து போயிருக்கும். கதவு கதவா ஜூம் பண்ணிப் பாக்குறதைத் தவிர குறுக்கு வழி இல்ல.

கட்டம் கட்டமாப் பிரிச்சு ஓட்டுற மாடல், அதாவது செல்லுலர் ஆட்டோமேட்டா பயன்படுத்துறீங்கன்னா இன்னொரு சிக்கல் இருக்கு. அதுல ஒரு கட்டம் வழக்கமா 40 சென்டிமீட்டர், ஒரு கட்டத்துல ஒரு ஆள். 90 சென்டிமீட்டர் கதவு அங்க ரெண்டு கட்டமா, அதாவது 80 சென்டிமீட்டரா சுருங்கும், இல்ல மூணு கட்டமா 120 ஆகும். உங்க கேள்வியே கதவு அகலத்தைப் பத்தினதா இருந்தா இந்த மாடலைத் தொடவே தொடாதீங்க.

5. ஆட்கள்: எத்தனை பேர், எவ்ளோ வேகம், எப்போ கிளம்புவாங்க

வேகத்துக்கு எல்லாரும் எடுக்குற எண் நொடிக்கு 1.34 மீட்டர், ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அதாவது ஆளுக்கு ஆள் சராசரியிலேர்ந்து விலகுற அளவு, 0.26. இது வய்ட்மன்ங்கற ஆராய்ச்சியாளர் 1993ல தொகுத்தது, சமதளத்துல சாதாரணமா நடக்குற வேகம். இதையே படிக்கட்டுக்கும் போட்டுடாதீங்க, படியில ஏறக்குறைய பாதியா குறையும். எல்லாருக்கும் ஒரே வேகம் குடுக்குறதும் தப்பு. வயசானவங்க, ஊன்றுகோல் வச்சிருக்கவங்க, கைக்குழந்தையோட வர்றவங்க, வீல்சேர்ல இருக்கவங்க எல்லாரும் அந்தக் கட்டடத்துல இருக்கத்தான் செய்வாங்க, அவங்களை விட்டுட்டு வர்ற எண்ணிக்கைக்கு மதிப்பே இல்ல. வயசு, ஆண் பெண், நடக்க சிரமப்படுறவங்கன்னு பிரிச்சு வேக அட்டவணை வேணும்னா, சர்வதேச கடல்சார் அமைப்போட எம்எஸ்சி 1 சர்க்குலர் 1533 பாருங்க, பயணிகள் கப்பலுக்காக 2016ல வந்தது, இலவசம். கப்பலுக்குன்னு இருந்தாலும் ஆரம்பிக்க நல்ல இடம், ஆனா அங்கேர்ந்து எடுத்தேன்னு ரிப்போர்ட்ல சொல்லிடணும்.

இப்போ முக்கியமான விஷயம். அலாரம் அடிச்ச அதே நொடியில யாரும் எந்திரிச்சு ஓட மாட்டாங்க. "நிஜமா, ட்ரில்லா?"ன்னு பக்கத்துல இருக்கவங்களைப் பாப்பாங்க, பையைத் தேடுவாங்க, கம்ப்யூட்டர்ல வேலையை சேவ் பண்ணுவாங்க, பிள்ளையைத் தேடிப் போவாங்க. இந்தக் கிளம்புறதுக்கு முந்தின நேரம் பல சமயம் நடந்து வெளிய வர்ற நேரத்தை விடவே அதிகமா இருக்கும். புதுசா பண்றவங்க இதைப் பூஜ்யம்னு விட்டுடறாங்க, அப்போ எல்லாரும் ஒரே நொடியில கதவுக்குப் பாய்வாங்க, கதவுல வரக்கூடாத நெரிசல் வரும், மொத்த நேரமோ குறைவாக் காட்டும், ரெண்டுமே தப்பு. ஆளுக்கு ஆள் மாறுற மாதிரி ஒரு பரவல் குடுங்க, வழக்கமா லாக்நார்மல் எடுப்பாங்க, அதாவது பெரும்பாலானவங்க சீக்கிரமாவும் சிலர் மட்டும் ரொம்ப லேட்டாவும் கிளம்புற மாதிரியான பரவல். எண்ணிக்கைக்கு ட்ரில் வீடியோ இருந்தா அதுதான் தங்கம், இல்லாட்டி உங்க மாதிரியான கட்டடத்துல யாராவது அளந்து வெளியிட்டதை எடுத்து அதைச் சொல்லிடுங்க. ட்ரில் பகல்ல நடந்தது, தூங்குற நேரத்துல அந்த எண் செல்லாதுங்கறதையும் மறந்துடாதீங்க.

எந்தக் கதவுக்குப் போவாங்கங்கறது அடுத்தது. சாஃப்ட்வேர் தானா விட்டா கிட்டக்க இருக்கிற கதவுக்கு அனுப்பும். ஆனா மனுஷங்க, அவங்க உள்ள வந்த கதவுக்குத்தான் திரும்பப் போகப் பாப்பாங்க. 2003 பிப்ரவரி 20ஆம் தேதி அமெரிக்காவோட ரோட் ஐலண்ட்ல ஸ்டேஷன்ங்கற நைட்கிளப்புல தீ பிடிச்சு 100 பேர் செத்தாங்க, வேற வழிகள் இருந்தும் நிறைய பேர் முன்வாசலுக்கே போய் அங்க அடைச்சுக்கிட்டாங்கன்னு நிஸ்ட் விசாரணை சொல்லுது. அதனால "எல்லாரும் கிட்ட இருக்கிற கதவு" ஒரு சினாரியோ, "பெரும்பாலானவங்க மெயின் கதவு" இன்னொரு சினாரியோன்னு ரெண்டையும் கட்டாயம் ஓட்டுங்க.

6. ஓட்டுறதுக்கு முன்னாடி பேப்பர்ல போட்டுப் பாருங்க

ஃபயர் இஞ்சினியரிங்ல கைக்கணக்குக்கு எடுக்குற எண், ஒரு மீட்டர் பயன்படு அகலத்துக்கு நொடிக்கு அதிகபட்சம் சுமார் 1.3 பேர். கதவுன்னா ரெண்டு பக்கமும் 15 சென்டிமீட்டர் கழிக்கணும், ஏன்னா ஆட்கள் ஓரத்தை உரசிக்கிட்டுப் போக மாட்டாங்க.

ஒரு ஹால்ல 200 பேர், 1.2 மீட்டர் கதவு ஒண்ணு. 1.2லேர்ந்து 0.3 கழிச்சா 0.9 மீட்டர். அதை 1.3ஆல பெருக்குனா நொடிக்கு 1.17 பேர். 200ஐ அதால வகுத்தா 171 நொடி, கிட்டத்தட்ட மூணு நிமிஷம். சிமுலேஷன்ல 60 நொடின்னு வந்துச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, யூனிட்டோ ஆளோட உடம்பு அளவோ எங்கயோ தப்பா இருக்கு.

அதே ஹாலுக்கு ரெண்டாவது கதவும் அதே அளவுல இருந்து சரிபாதியா பிரிஞ்சு போனா 85 நொடி. 200ல 140 பேர் மெயின் கதவுக்கே போறாங்கன்னு வச்சா 120 நொடி. கட்டடம் அப்படியேதான் இருக்கு, கதவுத் தேர்வைப் பத்தின அனுமானம் மட்டும் மாறுச்சு, 35 நொடி கூடிடுச்சு. புகைக்கு நடுவுல 35 நொடிங்கறது சின்ன விஷயம் இல்ல.

7. உங்க கட்டடத்துக்கு முன்னாடி டெஸ்ட் கேஸ்

இதைத் தாண்டிப் போறவங்கதான் அதிகம், தயவுசெஞ்சு தாண்டாதீங்க. அதே 1533 சர்க்குலர்ல சின்னச் சின்ன டெஸ்ட் இருக்கு. முதல் டெஸ்ட், 2 மீட்டர் அகலம் 40 மீட்டர் நீளம் நடைபாதை, ஒரே ஒரு ஆள், வேகம் நொடிக்கு 1 மீட்டர், 40 நொடியில கடக்கணும், அவ்ளோதான். இன்னொண்ணு, 8க்கு 5 மீட்டர் அறையில 100 பேர், 1 மீட்டர் கதவு, நொடிக்கு 1.33 பேருக்கு மேல வெளிய போகக்கூடாது. பெரிய ஹால்ல 1000 பேர், நாலு கதவு, அதுல ரெண்டை அடைச்சா நேரம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகணும், இது இன்னொண்ணு. ஜெர்மன் பக்கத்துலேர்ந்து ரிமியாங்கற எவாக்குவேஷன் வழிகாட்டி, நிஸ்ட்டோட 1822ஆம் டெக்னிகல் நோட், ரெண்டுலயும் இதே மாதிரி டெஸ்ட்கள் இருக்கு, ரெண்டும் இலவசம். ஐஎஸ்ஓ 20414னு 2020ல ஒரு ஸ்டாண்டர்டும் வந்திருக்கு, அது காசு, முதல் ப்ராஜெக்ட்டுக்கு மத்ததே போதும்.

டெஸ்ட்ல தேறுனா மாடல் சொன்னபடி கேக்குதுன்னு மட்டும்தான் அர்த்தம். நிஜ மனுஷங்களோட ஒத்துப் போகுதான்னு பாக்க, யூலிஷ் மையம் அவங்க நடத்துன சோதனைகளோட டேட்டாவைப் பொதுவுல வச்சிருக்காங்க, ஆட்களை வச்சு குறுகலான வழியில நடக்க விட்டு ஒவ்வொருத்தர் பாதையும் பதிவு பண்ணது. உங்க மாடல்ல அடர்த்திக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பைப் போட்டு அதோட ஒப்பிட்டுப் பாருங்க.

8. ஓட்டும்போது கவனிக்க வேண்டியது

ஆள் எல்லாம் வெளிய போற வரைக்கும் லூப் ஓடுற மாதிரிதான் எழுதுவோம். ஒரே ஒரு ஆள் மூலையில மாட்டிக்கிட்டா அந்த லூப் விடிய விடிய ஓடும். அதிகபட்ச நேரம் ஒண்ணு வச்சு, அதைத் தாண்டுனா நிறுத்தி மாட்டுன ஆள் எங்கன்னு காட்டுற மாதிரி எழுதுங்க. பெரும்பாலும் பிளான்ல ஏதோ கூரான மூலையோ, ஆள் உடம்பை விடக் குறுகலான சந்தோ இருக்கும்.

சோஷியல் ஃபோர்ஸ் மாடல், அதாவது ஆட்களும் சுவரும் ஒருத்தரை ஒருத்தர் தள்ளுற விசை மாதிரி கணக்கு போடுற மாடல் எடுத்தா, டைம் ஸ்டெப்பைப் (ஒவ்வொரு தடவையும் கணக்கு முன்னாடி நகர்ற நேரம்) பெருசாக்காதீங்க. சீக்கிரம் முடியட்டும்னு கூட்டுனா ஆட்கள் நடுங்குவாங்க, ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறுவாங்க, சுவரைத் தாண்டியும் போவாங்க. பாதியாக் குறைச்சு ஓட்டிப் பாருங்க, ரிசல்ட் மாறலைன்னா சரி.

ஒரே ஒரு தடவை ஓட்டிட்டு "மொத்த நேரம் 4 நிமிஷம் 12 நொடி"ன்னு எழுதுனா யாரும் ஏத்துக்கக் கூடாது. ஆள் நிக்கிற இடம், வேகம், கிளம்புற நேரம் எல்லாம் ரேண்டம், ரேண்டம் எண்களைத் தொடங்கி வைக்கிற எண்ணை சீட்னு சொல்வாங்க, அதை மாத்துனா நேரமும் மாறும். வேற வேற சீட்ல ஓட்டிக்கிட்டே வாங்க, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அப்புறம் அதுவரைக்குமான சராசரியைக் குறிச்சு ஒரு கோடு போடுங்க, அந்தக் கோடு ஆடாம படுத்தப்புறம்தான் நிறுத்தணும். எத்தனை ஓட்டம்னு முன்கூட்டியே சொல்ல முடியாது, கட்டடத்தைப் பொறுத்தது. ராத்திரி போட்டு விட்டுட்டுத் தூங்குங்க.

9. ரிசல்ட்டும் ரிப்போர்ட்டும்

சராசரியை மட்டும் குடுக்காதீங்க, 95ஆவது பெர்சன்டைலும், அதாவது 100 ஓட்டத்துல 95 ஓட்டம் எந்த நேரத்துக்குள்ள முடிஞ்சுதுங்கறதையும் குடுங்க. கடைசி ஆள் வெளிய வந்த நேரத்தைத் தனியா காட்டுங்க, அந்தக் கடைசி ஆள் யாரு, எந்த அறை, ஏன் கடைசிங்கறதையும் எழுதுங்க. நிறைய தடவை அது நடக்க முடியாதவரா இருப்பாரு, கட்டடத்துல எதை மாத்தணும்னு அங்கதான் தெரியும்.

அனிமேஷன் பாக்க நல்லா இருக்கும், மீட்டிங்ல எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க, குடுங்க, ஆனா கூடவே அடர்த்தி மேப்பும் வைங்க. ஒரு சதுர மீட்டர்ல நாலஞ்சு பேருக்கு மேல எங்க, எவ்ளோ நேரம் நின்னாங்கன்னு பாருங்க. மொத்த நேரம் நல்லா இருந்தும் ஒரு படிக்கட்டு வாசல்ல ஆபத்தான நெரிசல் இருக்கலாம், சராசரிக்குள்ள அது தெரியாது.

அனுமானப் பட்டியல்னு ஒரு பக்கம் கட்டாயம் வேணும். சாஃப்ட்வேர் பேரு, வெர்ஷன் நம்பர், மாடல், டைம் ஸ்டெப், சீட் எண்கள், வேகம் எங்கேர்ந்து எடுத்தது, கிளம்புற நேரம் எங்கேர்ந்து, கதவுத் தேர்வு எப்படி, எந்தக் கதவு அடைபட்டதா வச்சீங்க, லிஃப்ட் சேத்தீங்களா இல்லையா. இதை முதல் நாள்லேர்ந்தே ஒரு ஃபைல்ல எழுதிக்கிட்டே வாங்க, கடைசியில ஞாபகத்துலேர்ந்து எழுத உக்காந்தா பாதி விட்டுப் போகும். ரிப்போர்ட்டை சரிபாக்குறவங்க முதல்ல புரட்டுறதும் இந்தப் பக்கத்தைத்தான்.

குடுக்குறதுக்கு முன்னாடி அந்தக் கட்டடத்துலயே வேலை பாக்குற செக்யூரிட்டி, துப்புரவுப் பணியாளர், வார்டன் யாருக்காவது வீடியோவைக் காட்டிடுங்க. "அந்தக் கதவு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பூட்டிடுவோமே"ன்னு அவங்க சொன்னா, அந்த சினாரியோவையும் ஓட்டிச் சேத்துட்டு அப்புறம் குடுங்க.